அஞ்சு பேரும் அந்தப் பிள்ளையும்

எடே மருமவனே, டெக்னோபார்க்குல ஒனக்கு என்ன சோலின்னு ஊர்ல யாரு கேட்டாலும் ‘கம்ப்யூட்டர்’ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிருவேன். இந்த ஆடி அமாவாசைக்கு நீ வந்தப்பதான் விசயம் வெளிய வந்தது. மனுசன் வெப்சைட்டு முன்னால இருந்து எப்படி முழிக்கான்னு பாக்கதாக்கும் ஒனக்குச் சோலி. அதுக்கு ஒரு சம்பளம், அந்தச் சம்பளத்துக்கு வரி வேற. நான் குழித்துறை ஜங்ஷன் சாயாக்கடை பெஞ்சுல இருந்து ஆயுசு முழுக்க அதத்தானடே செய்யுதேன். ஒரு கட்டன்சாயாவுக்குக் கூட எவனும் காசு தரல்ல.

நீ வாவுபலிப் பொருட்காட்சி பாக்கப் போவதுக்கு முந்தி ஒனக்க போன என் கையில தந்து, “மாமா, இது எங்க புது ஆப்பு, ஒண்ணுல இருந்து அஞ்சு வர நட்சத்திரம் போடுங்க”ன்ன. நான் அஞ்சு போட்டேன். நீ அத ஆபீசுக்கு அனுப்பி, எழுபது வயசுக்காரனுக்கும் புடிச்சுப் போச்சுன்னு எழுதியிருப்ப. அஞ்சு ஏன் போட்டேன்னு கேட்டியா? அந்த நேரம் ஒனக்க அம்ம அடுக்களைல புட்டு அவிச்சிட்டு இருந்தா. தங்கச்சி வீட்டுத் திண்ணைல இருந்துக்கிட்டு, தங்கச்சி மவன் செஞ்ச சாமானத்துக்கு மூணு நட்சத்திரம் போடுக மாமன் இந்த விளவங்கோடு தாலுகாவுல எங்கயாம் உண்டா? மாமன் சொத்து மருமவனுக்குன்னு இருந்த மருமக்கதாயம் ஒழிஞ்சு காலமாச்சு, ஆனா மருமவன் மனசு நோவக்கூடாதுங்கிற பயம் மாமன்மாருக்கு இன்னும் ஒழியல்ல. ஒன் ஆப்ப நான் அப்போ தொறந்து கூட பாக்கல்ல, மக்கா.

இத நான் சொன்னா ‘கெழவன் உளறுகான்’ன்னு சொல்லுவ. நீ மேசைல விட்டுட்டுப் போன புத்தகத்துல ஜேக்கப் நீல்சன்னு டென்மார்க்குக்காரர் ஒருத்தர் வாறாருல்லா, அவரு 2001லயே இதத்தான் எழுதினாரு: ஆளு வாயால சொல்லுகதக் கேக்காத, கையால செய்யுகதப் பாரு. அதுக்கு ஒரு வருசம் முந்தி இன்னொண்ணும் சொன்னாரு, அதத்தான் ஒனக்க கூட்டம் முழுக்க மந்திரம் மாதிரி சொல்லிட்டுத் திரியுது. அஞ்சு பேர வச்சுப் பாத்தாப் போதுமாம். அவரும் லாண்டவர்னு இன்னொருத்தரும் 1993ல போட்ட கணக்கு அது. ஒருத்தன வச்சுப் பாத்தா இருக்க கோளாறுல நூத்துக்கு 31 வெளிய வரும், அடுத்தவன் வந்தா கொஞ்சம் புதுசு, மீதி பழசு, இப்படி அஞ்சாவது ஆளு எழும்பும்போ 85 வரைக்கும் தெரிஞ்சிரும். ஆறாவது ஆளுக்குச் செலவழிக்கத விட, கண்டதத் திருத்திப் போட்டு திரும்ப அஞ்சு பேரக் கூப்பிடுன்னாக்கும் அவருக்க சொல்லு.

கொள்ளாம். நல்ல கணக்கு. ஆனா நீ புடிச்ச அஞ்சு பேரு யாரு? ஒண்ணு ஒன் கூட இருக்க பையன். ரெண்டு, அவனுக்க ரூம்மேட்டு. மூணாவது, கழக்கூட்டத்துல ஒங்க கேண்டீன்ல சாயா குடிக்க வந்த பிள்ளை. மத்த ரெண்டு பேரு பேரு நீ சொல்லவே இல்ல, நானும் கேக்கல்ல. எல்லாருக்கும் இருவத்தஞ்சு வயசு, எல்லாருக்க கையிலயும் புது போனு, எல்லாரும் ஒரே சட்டத்துல வார்த்தது. அஞ்சு பேரு இல்லடே அது, ஒருத்தன அஞ்சு தடவ பாத்திருக்க. ஆளுக வகை வகையா இருந்தா வகைக்குக் கொஞ்சம் பேரத் தனித்தனியாப் பாக்கணும்னு அதே நீல்சன் அதே எழுத்துல கீழ எழுதியிருக்காரு. அந்தப் பக்கத்துக்கு வரும்போ ஒனக்கு ஒறக்கம் வந்திருக்கும்.

செரி, ரயிலு டிக்கெட்டு விசயத்துக்கு வாறேன். 1979ல திருவனந்தபுரம் – நாரோயில் பாதை தொறந்தப்போ நான் இளவட்டம். மொத ரயில் பாக்க ஊரே போய் நின்னோம். அப்போ டிக்கெட்டு எடுக்கது எப்படி? சன்னல்ல கைய விட்டு “மெட்ராசு ஒண்ணு”ன்னா, ஒரு அட்டை வரும், மீதிச் சில்லறை வரும், அண்ணைக்கி மாஸ்டருக்கு வீட்டுல சண்டைன்னா கூட ரெண்டு ஏச்சும் வரும். இப்போ 2002 ஆகஸ்ட் 3ல இருந்து ஆன்லைன்ல. தொடக்கத்துல டிக்கெட்டத் தபால்காரன் மாதிரி ஒருத்தன் வீட்டுல கொண்டு தருவான். இண்ணைக்கி முன்பதிவு டிக்கெட்டுல நூத்துக்கு 80க்கு மேல அந்த வழியாத்தான் போவுது. நல்ல காரியம், நான் கொறை சொல்லல்ல. தட்டார்மடத்துல இருக்கவனும் டெல்லில இருக்கவனும் ஒரே வரிசைல நிக்கான்லா.

ஆனா நம்ம ஊரத் தேடிப் பாரு. பள்ளிக்கூடத்துல படிச்சபடி இசட் எச் போட்டு ஊருபேர அடிக்கது நம்ம பழக்கம். ரயில்வே ஏட்டுல நம்ம ஊருக்கு ‘எல்’லாக்கும். ஆனா ஸ்டேஷனுக்க சுருக்கெழுத்து கே இசட் டி! பேருல ழகரம் போச்சு, சுருக்கத்துல ஒளிஞ்சு இருக்கு. இது தெரிஞ்சவன் மூணு எழுத்துல வேலைய முடிப்பான், தெரியாதவன் நம்ம ஊர ரயில்வே எடுத்துப் போட்டுட்டுன்னு நெனைப்பான். அது போட்டும். குழித்துறைன்னு ஒண்ணு இருக்கா, குழித்துறை மேற்குன்னு இன்னொண்ணு இருக்கு. கே இசட் டி, கே இசட் டி டபிள்யூ. ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரும். சென்னைல இருந்து வாற மருமவப்பிள்ளைக்கு மேற்கு எது கெழக்கு எதுன்னு என்ன தெரியும்? அனந்தபுரி எக்ஸ்பிரஸ் எங்க நிக்கும்னு நம்ம ஆட்டோக்காரனுக்குத் தெரியும், பொட்டிக்குள்ள இருக்கவனுக்குத் தெரிஞ்சிருக்கும், நடுவுல நிக்க மனுசனுக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டா.

தத்கால் இன்னொரு கூத்து. காலைல பத்து மணிக்கு ஏசி, பதினொண்ணுக்கு மத்தது. 2025 ஜூலை 1ல இருந்து ஆதார் காட்டி உறுதி செஞ்ச கணக்குதான் வேணும், ஜூலை 15ல இருந்து ஓடிபியும். ஏசண்டுமாருக்கு முதல் அரை மணிக்கூர் கெடையாது. கள்ளக் கணக்குகள ஒழிக்க வேண்டியதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா பூட்டு போடுகவன், உள்ள இருக்க கெழவனும் தொறக்க ஏலுமான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போடணும்லா. ஒனக்க நீல்சன் ஒரு நேரக்கணக்கும் வச்சிருக்காரு: பத்துல ஒரு செகண்டுல பதில் வந்தா உடனே வந்ததாத் தோணும், ஒரு செகண்டு வர நெனைப்பு மாறாது, பத்து செகண்டு தாண்டினா மனசு வேற எடத்துக்குப் போயிரும். பத்து மணி அடிச்சதும் அந்தச் சக்கரம் சுத்துகதப் பாத்திருக்கியா? எனக்க மனசு அந்த நேரத்துல வேற எடத்துக்குப் போவல்ல, ஒரே எடத்துலதான் நிண்ணுது. என்ன எடம்னு பொம்பளைங்க இருக்க வீட்டுல சொல்லப்படாது.

படிவம்னு ஒண்ணு தாறீங்களே, அதக் கேளு. முதல் பேரு, கடைசிப் பேரு. ரெண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம், போடாம விட மாட்டான். எனக்கு இருக்கது அப்பன் பேருக்க ஒரு எழுத்தும் எனக்க பேரும். கடைசிப் பேருக்கு நான் எங்க போவேன்? அப்பன் பேர முழுசாப் போட்டா ஆதாரோட ஒக்காது. எழுத்த மட்டும் போட்டா “குறைந்தது மூன்று எழுத்து” வேணுமாம். புள்ளி வச்சா “சிறப்புக் குறியீடு அனுமதி இல்லை”. அம்பது வருசம் எனக்க பேரப் பாத்து ஊர்ல ஒருத்தன் கூட ‘தவறான உள்ளீடு’ன்னு சொன்னது இல்லடே.

பெறந்த நாளு அடுத்தது. எனக்க சாதகத்துல கொல்லம் 1128 ஆவணின்னு கெடக்கு. அத இங்கிலீசு வருசத்துக்கு மாத்தினா 1952. நான் பெறக்கும்போ இது திருவிதாங்கூர்–கொச்சி, 1956 நவம்பர் 1ல மெட்ராசு ராச்சியத்துல சேந்துது, நான் தொட்டில்ல இருந்து எறங்கினதே வேற ராச்சியத்துல. இப்போ அந்தக் காலண்டர் தொறந்தா இந்த மாசத்துல நிக்கும். பின்னால போக ஒரு சின்ன அம்பு. ஒரு தட்டு தட்டினா ஒரு மாசம். எண்பது, தொண்ணூறு, நூறுன்னு தட்டிட்டுப் போனா ராஜீவ் காந்தி காலம் கூட வரல்ல. விரல் வலிச்சு நிப்பாட்டினா, இத்தன நேரம் ஒண்ணும் செய்யல்லன்னு வெளிய தள்ளிருது. வருசத்த நேர அடிச்சுப் போடலாம்ணு ஒரு கட்டம் வச்சா என்ன குடி முழுகும்? செஞ்சவன் 1999ல பெறந்தவன், அவனுக்கு அம்பு கொஞ்ச தூரம்தான்.

கடைசில ரெண்டு பொத்தான். ஒண்ணு ‘சமர்ப்பி’, மத்தது ‘ரீசெட்’. ரெண்டும் ஒரே அளவு, ஒரே நெறம், ஒட்டிப் பெறந்த பிள்ளைங்க. கண்ணாடி இல்லாம நான் எதத் தொடுவேன்னு ஜோசியம் பாக்காண்டாம். அரை மணிக்கூர் அடிச்சது அத்தனையும் போச்சு. கேக்கேன், இந்த ரீசெட்டு பொத்தான ஆருடே வேணும்னு கேட்டது? எழுதின தாள நானே கிழிச்சுப் போடுகதுக்கு எனக்கு ஒரு பொத்தான் வச்சுத் தந்திருக்கியோ? டான் நார்மன்னு ஒருத்தரு 1988லயே ஒரு புத்தகம் போட்டு, கதவத் தள்ளணுமா இழுக்கணுமான்னு மனுசன் தடுமாறினா அது மனுசனுக்க கொறை இல்ல, கதவு செஞ்சவனுக்க கொறைன்னு சொல்லிட்டாரு. நம்ம ஆளுக இன்னும் கதவு முன்னால நிண்ணு “எனக்கு இதெல்லாம் தெரியாது சாரே”ன்னு தலையச் சொறியுகான்.

எழுத்து நெறம் பத்திச் சொல்லாம விட்டா எனக்க கண்ணு என்னச் சும்மா விடாது. வெள்ளத் தாள்ல சாம்பல் நெறத்துல எழுதுகது ஒங்களுக்கு அழகு. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 வித்தியாசம் வேணும்னு உலகத்துக்குப் பொதுவா ஒரு விதி உண்டுன்னு நீதானே சொன்ன. நீயே சொல்லிட்டு, நீ காட்டின ஆப்புல சாம்பல்ல எழுதி வச்சிருக்க. அழகு பாக்க நான் வாவுபலிக்குப் போறேன், அங்க வண்ண வண்ணமா லைட்டு இருக்கு.

அந்தக் கோண எழுத்தயும் விடப்படாது. ‘நீ மனுசன்தானா’ன்னு கேக்கதுக்கு ஆறு எழுத்த வளைச்சு முறுக்கி வச்சிருப்பானே, அது. சைபரா, ஓவா? ஒண்ணா, எல்லா? கேப்சான்னு அதுக்குப் பேரு வச்சது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கூட்டம். அதுல ஒருத்தரு, லூயிஸ் வான் ஆன், பின்ன வருத்தப்பட்டாராம், உலகத்துல தெனமும் இத்தன மனுசருக்க நேரத்த நான் வீணாக்கிட்டேனேன்னு. பொறவு அந்த நேரத்த வச்சே பழைய புத்தகங்கள எழுத்தாக்க வழி கண்டுபிடிச்சாரு. நல்ல மனசு. எனக்க ஆறு எழுத்துல எந்தப் புத்தகம் தப்பாப் போச்சோ தெரியல்ல.

இவ்வளவும் நான் சொல்லுகது ஒனக்குப் புதுசு இல்ல, எனக்குத் தெரியும். நீ இதெல்லாம் ‘பிரச்சனைப் பட்டியல்’ன்னு எழுதி வச்சிருப்ப. புதுசா ஒண்ணு சொல்லுகேன், காது குடுத்துக் கேளு.

நம்ம ஊருதான விளவங்கோடு தாலுகாவுக்குத் தலையூரு. தாலுகா ஆபீசு, ரேசன் கடை, பள்ளிக்கூடம்னு எதுக்குப் போனாலும் ‘ஆன்லைன்ல போட்டுட்டு வா’ன்னு சொல்லுவா. ஆன்லைன் எங்க இருக்கு? ஒரு படி ஏறிப் போனா ஒரு கம்ப்யூட்டர் சென்டர், அதுல ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையாக்கும் ஆன்லைன். சுவத்துல விலைப்பட்டியல் ஒட்டியிருக்கு: வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா, பான் கார்டு, கரண்டு பில்லு, முதியோர் பென்சன், ரயிலு. மரச்சீனி விக்க வந்தவளும் அங்க, துபாயில இருந்து லீவுல வந்தவனும் அங்க, ரிட்டயர் ஆன வாத்தியாரும் அங்க. எல்லாருக்க கையிலயும் ஒரு பிளாஸ்டிக் கவரு, அதுக்குள்ள அவனவனுக்க சீவியம்.

அந்தப் பிள்ளை வேலை செய்யுகதப் பாத்திருக்கியா? கண்ண ஸ்கிரீன்ல வைக்கவே செய்யாது. ‘பேரு சொல்லுங்க பாட்டி’ன்னு கேட்டுக்கிட்டே கை போயிட்டே இருக்கும். எந்த எடத்துல ரெண்டு தடவ அமத்தணும், எங்க பேக் அடிச்சா எல்லாம் போவும், எந்த நேரத்துல சர்வர் படுக்கும், எல்லாம் அதுக்கு மனப்பாடம். பக்கத்துல ஒரு நோட்டு. அதுல ஊர்ல பாதிப்பேருக்க பாஸ்வேர்டு. அது தப்புன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா “என் பாஸ்வேர்டு என்ன மோளே”ன்னு கேட்டு மறு மாசம் வந்து நிக்க கெழவிகிட்ட நீ போய் சைபர் பாதுகாப்பு வகுப்பு எடு, பாக்கட்டும்.

இப்போ மேல இருக்கவன் கணக்குப் பாக்கான். இந்த மாசம் இத்தன லட்சம் விண்ணப்பம் ஆன்லைன்ல வந்தது. பாதில விட்டுட்டுப் போனவன் கொறைவு. ஒரு படிவத்துக்கு ஆன நேரம் நாலு நிமிசம். வெப்சைட்டு ஜோரு! மாலை போடு, சால்வை போத்து. எடே, அந்த நாலு நிமிசம் ஆருக்க நாலு நிமிசம்? பாதில விடாதவன் ஏன் விடல்ல? காசு குடுத்து முன்னால இருக்கான்லா, எப்படி விடுவான்? நீங்க வச்ச கோளாறு அத்தனையும் அந்தப் பிள்ளைக்க விரல் நுனில வந்து அடங்கிருது, மேல ஏறி ஒங்க ஆபீசுக்கு வரதே இல்ல. கோளாறு தெரியாததுனால திருத்த ஆளு இல்ல. திருத்தாததுனால அந்தப் பிள்ளை வேணும். இதுதான் ஒனக்க நீல்சன் கணக்குல வராத ஆறாவது ஆளு.

ஓடிபிய எடுத்துக்கோ. கெழவி இங்க, போன் வீட்டுல. வீடு ரப்பர் விளைக்கு நடுவுல, அங்க சிக்னல் கெடைக்கணும்னா கெணத்தடிக்கு வரணும். பேரன் கெணத்தடிக்கு வந்து, மெசேஜத் தேடி, நம்பரப் படிச்சு முடிக்கதுக்கு முந்தி நேரம் தீந்து போவும். அதனால அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தனக்க நம்பரப் போட்டு வேலைய முடிக்கும். நல்ல மனசு. ஆனா அடுத்த தையில அந்தப் பிள்ளைக்குக் காட்டாத்துறையில கல்யாணம் ஆச்சுன்னா, கெழவிக்க கணக்கும் சீதனத்தோட காட்டாத்துறைக்குப் போவும்.

அதனால, மருமவனே, நீ ஒரு நாளு லீவு போட்டு அந்தப் பிள்ளைக்குப் பின்னால ஒரு ஸ்டூலப் போட்டு இரு. லேப்டாப்ப எடுக்காத, எடுத்தா ஒன்ன விஜிலன்சுன்னு நெனைச்சு நோட்ட ஒளிச்சிரும். அந்த நோட்டு ஓரத்துல எழுதியிருக்கதப் படி, பாஸ்வேர்டு பக்கத்த மட்டும் பாக்காத. ‘போட்டோ சைசு கொறைச்சுப் போடணும்’, ‘ஊரு பேரு தமிழ்ல வேற, இங்கிலீசுல வேற’, ‘முதல்ல எரர் காட்டும், பயப்படாண்டாம்’. ஒனக்க கம்பெனி பெரிய துகை வாங்கி எழுதிக் குடுக்க ரிப்போர்ட்டு அங்க நீல மையில கெடக்கு. ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் நீ லேசாக்கிட்டா அந்தப் பிள்ளைக்க வருமானம் என்னாகும்ங்கதையும் ரிப்போர்ட்டுல ஒரு வரி எழுது. நான் ஒனக்க மாமன்தான், ஆனா அந்த விசயத்துல நான் அவளுக்க பக்கமாக்கும்.

பட்டாவப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல நிலம் செண்டுல. வாங்குகது செண்டு, விக்கது செண்டு, சண்டை போடுகது அரைச் செண்டுக்கு. பட்டால வாறது ஹெக்டேரும் ஏரும். 12 செண்டு வச்சிருக்கவன் தாளப் பாத்தா 4.86ன்னு நிக்கும். அங்கன இருந்தே நெஞ்சப் புடிப்பான், ‘ஏழு செண்டு எவனோ தின்னுட்டான்’ன்னு. அந்தப் பிள்ளை ஒரு ஏருக்கு 2.47 செண்டுன்னு கணக்குப் போட்டு, வெள்ளம் குடுத்து, ஆள எழுப்பி அனுப்பும். கணக்கு சரி, சட்டம் சரி, தாளும் சரி. பக்கத்துல ஒரு வரி செண்டுலயும் அச்சடிச்சா ஆம்புலன்சு செலவு மிச்சம்.

நான் தேன்பெட்டி வச்சிருக்கவன், எனக்குத் தெரிஞ்ச பாசைல இத ஒனக்குச் சொல்லித்தாறேன். அமெரிக்காவுல லாங்ஸ்ட்ராத்துன்னு ஒரு பாதிரியாரு. 1851ல தேனீயப் பாத்துட்டே இருந்தவரு ஒண்ணக் கண்டாரு. கூட்டுக்குள்ள சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல முக்கால் அங்குலத்துல பாதி எடம் விட்டா, தேனீ அத வழியா விட்டிரும். எடம் கூடிப் போனா அதுல அடை கெட்டிரும், கொறைஞ்சா பிசின் வச்சு அடைச்சிரும். தேனீகிட்ட அவரு நட்சத்திரம் கேக்கல்ல பாத்துக்கோ. அது செய்யுகதப் பாத்தாரு, பெட்டிய அதுக்கு ஏத்தாப்ல செஞ்சாரு, மறு வருசம் காப்புரிமை வாங்கினாரு. பெட்டி உலகம் பூராப் போச்சு. ஆனா அது அவருக்க ஊருத் தேனீக்குச் செஞ்ச பெட்டி. நம்ம ஊரு தேனீ ஒடம்பு சிறிசு, கூட்டமும் சிறிசு, அந்தப் பெரிய வீட்டுல கெடந்து அதுக்கு வெப்ராளம். 1911ல இருந்து 1917 வர நியூட்டன்னு ஒரு பாதிரியாரு தென்னிந்தியால ஆளுகளுக்குத் தேனீ வளப்பு பழக்கினாரு. நம்ம தேனீக்க அளவுக்குப் பெட்டியச் சிறுசாக்கினதும் அவருதான். இப்பவும் அதுக்கு நியூட்டன் பெட்டின்னு பேரு.

பொறவு நம்ம மார்த்தாண்டத்துக்கு ஸ்பென்சர் ஹேட்ச்னு ஒரு அமெரிக்காக்காரரு வந்தாரு. 1924ல வொய்.எம்.சி.ஏ. கிராம மையம் தொடங்கினாரு. கோழி, முட்டை, தேனீன்னு ஏழைக்கு ஏலுகதப் பாத்து பழக்கினாரு. 1932ல புத்தகமும் போட்டாரு. அவருக்க சூத்திரம் என்னன்னா, வேலைய ஆளு தானே செய்யணும், வித்தை தெரிஞ்சவன் பக்கத்துல நிண்ணு சொல்லிக் குடுக்கணும். பக்கத்துல நிண்ணு! கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் ஏசில இருந்து நோட்டம் பாக்கல்ல. அதுக்கு முந்தி நம்ம ஆளுக மரப்பொந்துல கைய விட்டு அடையப் புழிஞ்சு தேன் எடுத்தவங்க. பெட்டி நம்ம மரத்துல, நம்ம ஆசாரி கையில, நம்ம தேனீ அளவுல வந்த பொறவாக்கும் மார்த்தாண்டம் தேனுக்குப் பேரு வந்தது. மார்த்தாண்டம் பெட்டின்னே ஒரு வகை உண்டு. ஒனக்க சோலி இந்த ஆத்தங்கரைல நூறு வருசத்துக்கு முந்தியே நடந்துட்டு, மருமவனே. நீ இங்கிலீசுல அதுக்குப் புதுப் பேரு வச்சிருக்க, அவ்வளவுதான்.

பெரிய ஆளுக இதுல வழுக்கி விழுந்ததும் உண்டு. 2013 அக்டோபர் 1ல அமெரிக்கா அரசாங்கம் காப்பீட்டுக்குன்னு ஒரு வெப்சைட்டு தொறந்தது. முதல் நாளு முழுசா முடிச்சது ஆறு பேரு. நம்ம ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டுல அத விடக் கூட ஆளு நிக்கும். நம்ம நாட்டுலயும் 2021ல தடுப்பூசிக்கு கோவின்னு ஒரு வெப்சைட்டு வந்தது. பதினெட்டுல இருந்து நாப்பத்தினாலு வயசு வர உள்ளவன் பதிவு செஞ்சாத்தான் ஊசி, பதிவு இங்கிலீசுல. ஜூன் மாசம் மத்த மொழிகளக் கொண்டு வந்தாங்க. முதல் பட்டியல்ல தமிழக் காணல்ல, இங்க சத்தம் கெளம்பின பொறவு சேத்தாங்க. அதுக்கு முந்தி மே 31ல சுப்ரீம் கோர்ட்டு கேட்டுது, போனும் நெட்டும் இல்லாதவன் என்ன செய்வான், கண்ணு தெரியாதவன் அந்தக் கோண எழுத்த எப்படிப் படிப்பான்னு. யோசிச்சுப் பாரு, ஒரு பொத்தானும் ஒரு கட்டமும் எப்படி இருக்கணும்னு சொல்ல நாட்டுக்க பெரிய கோர்ட்டு வேண்டி வந்திருக்கு.

பொறவு 2025 ஏப்ரல் 30ல வந்ததப் பாத்தியா? பேங்குல ஆளத் தெரிஞ்சுக்க ‘கண்ண இமைச்சுக் காட்டு’ன்னு போன் கேக்கும்லா. ஆசிட் வீச்சுல மொகமும் கண்ணும் கெட்டுப் போனவங்க எப்படி இமைப்பாங்க? கேஸு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. பர்திவாலா, மகாதேவன்னு ரெண்டு நீதிபதிமார் தீர்ப்பு. இந்த டிஜிட்டல் வழில நொழைய முடியுகது அரசியல் சட்டம் 21ல சொல்லுக உயிர் வாழும் உரிமைல சேரும்னு சொல்லி 20 உத்தரவு போட்டாங்க. நான் இதுவரைக்கும் உங்களக் கேலி பண்ணிட்டு இருந்தேன். இத வாசிச்சப்போ கேலி வரல்ல. ‘இமை’ன்னு அந்த வரிய எழுதினவன் கெட்டவன் இல்ல. அவனுக்க அஞ்சு பேரும் இமைக்கக் கூடியவனா இருந்திருக்கான், அம்புட்டுதான்.

கெட்டவனும் உண்டு, அது வேற ஜாதி. நான் கேக்காத சாமானத்தக் கூடைல தள்ளுகது, ‘வேண்டாம்’ங்கத எறும்பு எழுத்துல வைக்கது, சேர ஒரு தட்டு, விலக ஒன்பது பக்கம். 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தத் தந்திரத்த எண்ணி 13 வகைன்னு பட்டியல் போட்டுத் தடை செஞ்சது. வாவுபலில வளையம் எறிய வைக்கவனுக்குக் கூட அத்தன வகை தெரியாதுடே. நீ அந்தச் சோலிக்குப் போனேன்னு கேள்விப்பட்டா, மாமன்னு சொல்லிட்டு இங்க வராத.

இனி ஒனக்கு நான் அஞ்சு பேரு தாறேன், எழுதிக்கோ. ஒண்ணு, தேங்காப்பட்டணத்துல இருந்து மீன் கொண்டு வாற அக்கா. கை எப்பவும் நனைஞ்சிருக்கும், அவளுக்க விரல் ஒனக்க போனுக்குப் புடிக்காது, கணக்கு மட்டும் ஒன்ன விட வெரசலா வரும். ரெண்டு, எனக்க கூட்டாளி ரப்பர் வெட்டுக்காரன். வெளுப்புக்கு முந்தி எழும்பி, பத்து மணிக்கு ஒறங்கப் போவான். தத்கால் தொறக்கும்போ அவனுக்குக் கண்ணு மூடும். மூணாவது, மலையாளம் வழில படிச்ச பழைய வாத்தியாரு. அவருக்கு மூணு பாசை தெரியும், ஒன் ஆப்பு பேசுக பாசை மட்டும் தெரியாது. எழுத்துப்பிழை கண்டா விட மாட்டாரு, ஒரு பக்கத்துக்கு ஒரு மணிக்கூர் ஒதுக்கி வை. நாலாவது, மாப்பிள்ளை சவூதில, மாமியாருக்க மருந்து, பிள்ளைக்க பீசு, வீட்டு லோனு எல்லாத்தையும் ஒரு போன்ல ஓட்டுக ஒருத்தி. அவ திறமைசாலி, ஆனா அவளுக்கு ஒரு வேலைய ஆரம்பிச்சு முடிக்க அஞ்சு நிமிசம் சேந்து கெடைக்காது. நடுவுல பிள்ளை அழும், நீ லாக்அவுட் ஆக்கிராத. அஞ்சாவது நான்.

எல்லாரும் வந்து இருந்தா நீ வாயத் தொறக்கப்படாது. ‘இங்க அமத்துங்க’ன்னு விரல நீட்டப்படாது. கையப் பின்னால கெட்டிக்கோ. மீன்கார அக்கா தப்பான பொத்தான நோக்கிப் போவும்போ ஒனக்கு நாக்கு துடிக்கும், அடக்கு. நார்மன் சொன்ன கதவு அதுதான், அவ எங்க இடிக்கான்னு குறிச்சுக்கோ. வாத்தியாரு ஒனக்க ஆபீசு பாசைய வச்சுக் கேலி பண்ணுவாரு, சிரிச்சுட்டே எழுதிக்கோ. எனக்கு நட்சத்திரம் போடச் சொல்லாத.

இதுக்கு ஆளுக்கு ஒரு ஆயிரம் ரூவா கூப்பன் குடுப்பீங்கன்னு ஒனக்க அம்ம சொன்னா. அத மட்டும் கையில ரூவாயாத் தந்திரு, மக்கா. கூப்பன எடுக்கதுக்கு ஓடிபி வரும்னா, நாங்க அஞ்சு பேரும் அந்தப் பிள்ளைகிட்டத்தான் போய் நிக்கணும்.